அச்சுக்கூடத்தில் ஒரு குரு: வேலை கற்றுக்கொடுத்த மிஷனரிகளும் கற்றுக்கொண்ட நம்மவர்களும்



கணக்குப்பதிவியல், தணிக்கை, வருமான வரி என்று படித்துக்கொண்டிருக்கும் ஒரு பி.காம். மாணவனுக்கு அச்சு எந்திரத்தின் வரலாற்றில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். வேலை இருக்கிறது. பொறுமையாகப் படியுங்கள், பதிவு கொஞ்சம் நீளம் :-)

சாப்ட்வேர் கம்பெனியில் புதிதாகச் சேருபவருக்கு ஒரு சீனியரை 'மென்டார்' என்று நியமிக்கிறார்கள். வேலை சொல்லிக்கொடுப்பது, தப்பு செய்தால் திருத்துவது, மனசு சோர்ந்தால் ஒரு டீ வாங்கிக்கொடுத்துப் பேசுவது எல்லாம் அவர் பொறுப்பு. சென்னையிலும் பெங்களூரிலும் பல சர்ச்சுகளில் ஐ.டி. வேலைக்குப் போகும் இளைஞர்களுக்கென்றே ஐக்கியக் கூட்டங்கள் நடக்கின்றன. அங்கேயும் மூத்தவர் ஒருவர் இளையவர் ஒருவரைக் கைபிடித்து நடத்துகிறார். வேலை, குடும்பம், விசுவாசம் மூன்றையும் சேர்த்தே பேசுகிறார்கள். 1954-ல் தொடங்கிய யூ.இ.எஸ்.ஐ. போன்ற மாணவர் இயக்கங்களும் படிப்பு முடித்து வேலைக்குப் போனவர்களுக்கென்று தனிப் பிரிவு வைத்திருக்கின்றன.

இது புதுப் பழக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். தமிழ்நாட்டில் இதற்கு நானூறு வருஷத்துக்கு மேல் வயது. அந்தக் காலத்துத் தொழில்நுட்பம் கம்ப்யூட்டர் இல்லை, அச்சு எந்திரம். அவ்வளவுதான் வித்தியாசம்.

எந்த மதத்துக்கும் வக்காலத்து வாங்க இதை எழுதவில்லை, எந்த மதத்தையும் குறை சொல்லவும் இல்லை. ஒருவர் இன்னொருவருக்குத் தொழில் கற்றுக்கொடுக்கும்போது அதற்குப் பதிலாக என்ன எதிர்பார்க்கலாம்? எதை எதிர்பார்க்கக் கூடாது? இந்தக் கேள்விக்கு நம் அச்சு வரலாற்றில் நல்ல பதில்கள் கிடக்கின்றன. அதைத்தான் பார்க்கப்போகிறோம்.

லிஸ்பனில் மூன்று தமிழர்கள்

1554-ல் போர்ச்சுகல் நாட்டின் தலைநகர் லிஸ்பனில் ஒரு சின்னப் புத்தகம் அச்சானது. கிறிஸ்தவ வேத பாடங்கள் கொண்ட புத்தகம். மொழி தமிழ், எழுத்து ரோமன் எழுத்து. அதாவது நாம் செல்போனில் ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழ் பேசுகிறோமே, அந்த வேலை 470 வருஷத்துக்கு முன்பே நடந்துவிட்டது! அதைத் தயாரிக்க உதவியவர்கள் தமிழ் தெரிந்த மூன்று பேர். வின்சென்ட் நசரேத், ஜோர்ஜ் கார்வாலோ, தோமா குரூஸ் என்று பெயர்கள் பதிவாகியிருக்கின்றன. ஞானஸ்நானத்தில் வைத்த போர்ச்சுகீசியப் பெயர்கள் இவை. அவர்களுடைய அப்பா அம்மா வைத்த பெயர் புத்தகத்தில் இல்லை. இந்த விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

தமிழைத் தமிழ் எழுத்திலேயே அச்சடிக்க இன்னும் இருபத்துநாலு வருஷம் ஆனது. முத்துக்குளித்துறையில் பரதவர்களிடையே வேலை செய்த சேசுசபைப் பாதிரியார் அன்றீக் அன்றீக்கஸ் (1520-1600) தமிழை நன்றாகக் கற்றவர். அவர் மொழிபெயர்த்த 'தம்பிரான் வணக்கம்' 1578-ம் ஆண்டு அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் அச்சாகி வெளிவந்தது. மொத்தம் 16 பக்கம். இந்திய மொழி ஒன்றின் சொந்த எழுத்தில் இந்தியாவில் அச்சான முதல் புத்தகம் இதுதான்.

அந்தப் புத்தகத்திலேயே இரண்டு விதமான எழுத்துகளின் மாதிரி இருக்கிறது. ஒன்று 1577-ல் கோவாவில் செய்தது, மற்றொன்று 1578-ல் கொல்லத்தில் செய்தது. கோவா எழுத்துகளைச் செய்தவர் ஜோவான் கொன்சால்வஸ் என்ற ஸ்பெயின் நாட்டுச் சகோதரர், இரும்பு வேலை தெரிந்தவர். அவருக்குத் தமிழ் தெரியாது. 'ழ' எங்கே வளைகிறது, 'ண' எத்தனை சுழி என்று பக்கத்திலிருந்து சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த உதவியைச் செய்தவர் பேரோ லூயிஸ், பிராமணக் குடும்பத்தில் பிறந்து சேசுசபையில் சேர்ந்தவர். கொல்லத்து எழுத்துகள் ஜோவான் டி ஃபாரியாவின் கைவேலை. அச்சு வேலைக்கு முத்துக்குளித்துறைப் பரதவர்கள் பணம் கொடுத்து உதவினார்கள்.

வணிகவியல் மாணவன் கண்ணால் பார்த்தால் முதல் தமிழ்ப் புத்தகத்தின் மூலதனக் கணக்கு இப்படி இருக்கிறது: எந்திரம் ஐரோப்பாவிலிருந்து, கைத்திறன் ஸ்பெயின்காரரிடமிருந்து, மொழியறிவு உள்ளூரிலிருந்து, பணத்தில் ஒரு பங்கு மீனவர்களிடமிருந்து. ஒரு பக்கம் மட்டும் கொடுத்து இன்னொரு பக்கம் மட்டும் வாங்கிய கதை இல்லை இது.

அடுத்த நூற்றாண்டில் 1679-ல் அம்பலக்காட்டில் அந்தாம் தெ புரோயென்சாவின் தமிழ் - போர்ச்சுகீசிய அகராதி அச்சானது. அதற்கான தமிழ் எழுத்துகளை மரத்தில் செதுக்கியவர் இக்னாசியுஸ் அய்ச்சாமணி என்ற உள்ளூர்க்காரர். தமிழ் எழுத்தைச் செதுக்கியவர் என்று பெயரோடு நமக்குத் தெரியும் மிகச் சிலரில் இவர் ஒருவர். செதுக்குகிற வேலை ஐரோப்பியர் கையிலிருந்து நம்மவர் கைக்கு வர நூறு வருஷம் பிடித்திருக்கிறது.

மணலில் எழுதிய மாணவர்

இப்போது தரங்கம்பாடிக்கு வருவோம். 1620-லிருந்து டேனிஷ்காரர்கள் கையில் இருந்த கடற்கரை ஊர். 1706 ஜூலை 9 அன்று பார்த்தலோமேயு சீகன்பால்க், ஹென்றி புளூட்சாவ் என்ற இரண்டு ஜெர்மானிய இளைஞர்கள் அங்கே வந்து இறங்கினார்கள். சீகன்பால்குக்கு அப்போது வயது ஏறக்குறைய 24. நம்மைவிட இரண்டு மூன்று வயதுதான் பெரியவர்!

அவர் முதலில் செய்த வேலை என்ன தெரியுமா? ஒரு வயதான திண்ணைப் பள்ளி வாத்தியாரைப் பிடித்து, பள்ளிக்கூடத்தையே தன் வீட்டில் நடத்தச் சொன்னார். சின்னப் பையன்களோடு சேர்ந்து உட்கார்ந்து மணலில் விரலால் அ, ஆ எழுதிப் பழகினார். கற்றுக்கொடுக்க வந்தவர் முதலில் மாணவராக உட்கார்ந்தார். அந்த வாத்தியாருடைய மகன் கணபதி வாத்தியாரும், துபாஷியாக இருந்த அழகப்பனும் அவருக்குத் தமிழ் உலகத்தைத் திறந்துவிட்டவர்கள்.

பிறகு அச்சு எந்திரம். லண்டனில் இருந்த எஸ்.பி.சி.கே. என்ற கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கம் ஓர் எந்திரத்தையும் கூடவே யோனாஸ் ஃபிங்க் என்ற அச்சுத் தொழிலாளியையும் கப்பலேற்றி அனுப்பியது. பிரேசில் பக்கம் பிரெஞ்சுக்காரர்கள் அந்தக் கப்பலைப் பிடித்துக்கொண்டார்கள். எந்திரம் எப்படியோ தப்பித்து 1712-ல் வந்து சேர்ந்தது. ஃபிங்க் வழியிலேயே இறந்துபோனார்.

யோசித்துப் பாருங்கள். ஹார்டுவேர் வந்துவிட்டது, அதை ஓட்டத் தெரிந்த ஆள் இல்லை. டேனிஷ் படையில் இருந்த ஒரு சிப்பாய்க்கு அச்சு வேலை தெரியும் என்று கண்டுபிடித்து அவரை வைத்து ஆரம்பித்தார்கள். 1713-ல் ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் வார்த்த தமிழ் எழுத்துகளோடு யோஹான் காட்லீப் ஆட்லர் தன் தம்பியுடன் வந்து சேர்ந்தார். ஆனால் அந்த எழுத்துகள் ரொம்பப் பெரிசு. அப்படியே அச்சடித்தால் காகிதம் கட்டுப்படியாகாது. எனவே ஆட்லர் தரங்கம்பாடியிலேயே சின்ன எழுத்துகளை வார்த்தார். 1715-ஐ ஒட்டிப் பக்கத்து ஊரான பொறையாரில் காகித ஆலையும் தொடங்கப்பட்டது. அதே 1715-ல் தமிழ் புதிய ஏற்பாடு முழுவதும் அச்சாகி முடிந்தது.

எழுத்து வார்ப்பது என்றால் சும்மா இல்லை. முதலில் ஓர் எஃகுத் துண்டின் நுனியில் எழுத்தைத் தலைகீழாகச் செதுக்க வேண்டும். அதைச் செம்புத் தகட்டில் அடித்துக் குழி உண்டாக்க வேண்டும். அந்தக் குழியில் ஈயக் கலவையைக் காய்ச்சி ஊற்றினால் ஓர் எழுத்து கிடைக்கும். அப்படி ஆயிரக்கணக்கில் வேண்டும். பிறகு ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்கி, கண்ணாடியில் பார்ப்பதுபோல மாற்றி வரிசைப்படுத்த வேண்டும். மை தடவ வேண்டும், காகிதத்தை நனைக்க வேண்டும், அழுத்த வேண்டும், காயவைக்க வேண்டும், கட்டுக்கட்ட வேண்டும். இதையெல்லாம் இரண்டு மூன்று ஜெர்மானியர்கள் மட்டும் செய்ய முடியாது. உள்ளூர் ஆட்கள் பக்கத்தில் நின்று பார்த்துப் பழகினார்கள். புத்தகத்தைப் படித்துக் கற்கும் வேலை இல்லை இது. ஒருவர் கையைப் பார்த்து இன்னொருவர் கை பழக வேண்டும். அதனால்தான் இந்தத் தொழிலுக்கு மென்டார் இல்லாமல் முடியாது.

சீகன்பால்க் 1719-ல் 36 வயதில் இறந்தார். பொறையார் காகித ஆலை நீடிக்கவில்லை. ஆனால் அச்சு வேலை தெரிந்த கைகள் சோழமண்டலக் கடற்கரையில் உருவாகிவிட்டன. 1761-ல் ஆங்கிலேயர்கள் பாண்டிச்சேரியைப் பிடித்தபோது அங்கே கிடைத்த அச்சு எந்திரம் சென்னை வேப்பேரியில் இருந்த மிஷனரி ஃபப்ரிசியஸிடம் ஒப்படைக்கப்பட்டது. கம்பெனி அரசாங்கத்தின் அச்சு வேலைகளையும் செய்து கொடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. அங்கிருந்துதான் 1779-ல் ஃபப்ரிசியஸின் தமிழ் - ஆங்கில அகராதி வெளிவந்தது. அகராதியில் ஃபப்ரிசியஸ் பெயர் இருக்கிறது. அதன் எழுத்துகளைக் கோர்த்தவர்கள் பெயர் இல்லை. பாலன்ஸ் ஷீட்டில் எந்திரம் சொத்துப் பக்கத்தில் ஏறும், தொழிலாளியின் திறமை எந்தப் பக்கத்திலும் ஏறாது என்று நம் பாடத்திலும் வருகிறதே, அதேதான்.

சீடன் ராஜாவானார்

இதே தரங்கம்பாடி மிஷன் வழியில் வந்தவர் கிறிஸ்டியன் ஃபிரெடரிக் சுவார்ட்ஸ். தஞ்சாவூர் மன்னர் துளஜா, தான் தத்தெடுத்த சிறுவன் சரபோஜியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை இவரிடம் கொடுத்துவிட்டு 1787-ல் காலமானார். அரண்மனைச் சண்டையில் பையனுக்கு ஆபத்து வந்தபோது சென்னைக்கு அனுப்பிப் படிக்க வைத்தார்கள். சுவார்ட்ஸ் 1798 பிப்ரவரியில் இறந்தார். அதே வருஷம் சரபோஜி அரசரானார்.

இங்கேதான் விஷயம். சரபோஜி கிறிஸ்தவராக மாறவில்லை. கடைசிவரை இந்துவாகவே இருந்தார், கோயில் திருப்பணிகள் செய்தார். ஆனால் வாத்தியாரிடமிருந்து வாங்கிய அறிவுத் தாகம் அவரை விடவில்லை. அரண்மனையில் தேவநாகரி எழுத்தில் அச்சுக்கூடம் வைத்தார். ஈசாப் கதைகளின் மராத்தி மொழிபெயர்ப்பு 1806-ல் அங்கே அச்சானது. சரஸ்வதி மகாலில் சுவடிகளோடு ஐரோப்பியப் புத்தகங்களையும் சேர்த்தார். கண் மருத்துவம் பார்த்து நோயாளிகளின் குறிப்புகளை எழுதி வைத்தார்.

சுவார்ட்ஸுக்காக லண்டன் சிற்பி ஃபிளாக்ஸ்மனிடம் சொல்லி அவர் செய்வித்த பளிங்குச் சிற்பம் இன்றும் தஞ்சாவூர் தேவாலயத்தில் இருக்கிறது. குரு படுக்கையில் இருக்கிறார், ராஜா பக்கத்தில் நின்று கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். மதம் மாறாத சீடன் மாறாத நன்றியோடு வைத்த சின்னம். சுவார்ட்ஸ் தோற்றாரா, ஜெயித்தாரா? மதம் மாற்றியதை வைத்து மட்டும் கணக்குப் பார்த்தால் தோல்வி. மனிதனை வைத்துப் பார்த்தால் வேறு பதில் வரும்.

சாமிக்குக் கீழே உட்கார்ந்து செதுக்கியவர்

தமிழ்நாட்டு அச்சுத் தொழிலாளிகளின் வாழ்க்கை நமக்கு அதிகம் எழுதி வைக்கப்படவில்லை. வங்காளத்தில் கொஞ்சம் அதிர்ஷ்டம். அங்கே ஒரு கொல்லர் குடும்பத்தின் கதை கிடைக்கிறது. அதனால் ஒரு நடை செராம்பூர் போய்வருவோம். அதுவும் தரங்கம்பாடி போலவே டேனிஷ்காரர்களின் ஊர்தான்.

1800-ல் வில்லியம் கேரி, ஜோசுவா மார்ஷ்மன், அச்சுத் தொழில் தெரிந்த வில்லியம் வார்டு மூவரும் அங்கே மிஷன் அச்சகத்தைத் தொடங்கினார்கள். அவர்களிடம் வந்து சேர்ந்தவர் பஞ்சானன் கர்மகார். இவர் ஏற்கெனவே சார்லஸ் வில்கின்ஸ் என்ற ஆங்கிலேயரிடம் வேலை பழகி, 1778-ல் அச்சான வங்காள இலக்கணப் புத்தகத்துக்கு எழுத்து செய்ய உதவியவர். பஞ்சானன் தன் மருமகன் மனோகருக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தார். மனோகர் நாற்பது வருஷம் போல அங்கே இருந்து எத்தனையோ மொழிகளுக்கு எழுத்து வெட்டினார்.

மனோகரைப் பற்றி கேரியின் வாழ்க்கை வரலாற்றில் ஒரு சுவையான குறிப்பு உண்டு. பைபிளுக்கான எழுத்துகளை அவர் செதுக்கும்போது தன்னுடைய இஷ்ட தெய்வத்துக்குக் கீழே உட்கார்ந்துதான் செதுக்குவாராம். அப்படி இல்லாவிட்டால் வேலை செய்யமாட்டாராம். மிஷனரிகளின் அச்சகம், அச்சாவது பைபிள், எழுத்து வெட்டுபவருக்கு மேலே அவருடைய சாமி! அவரை வெளியே அனுப்பவில்லை. அனுப்பினால் அச்சகமே நின்றுவிடும் என்பதும் உண்மைதான். திறமை வளர்ந்த பிறகு சீடனுக்கும் ஒரு பலம் வந்துவிடுகிறது.

1812 மார்ச்சில் செராம்பூர் அச்சகம் தீப்பிடித்து எரிந்தது. எழுத்துகள் உருகி ஓடின, கையெழுத்துப் பிரதிகள் சாம்பலாயின. ஆனால் எஃகில் செதுக்கிய மூல எழுத்துகளும் செம்பு அச்சுகளும் தப்பின. உருகிய ஈயத்தையே திரும்பக் காய்ச்சி, சில மாதங்களில் மறுபடி அச்சடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். கட்டடம் போனாலும் கைத்தொழில் இருந்ததால் பிழைத்தார்கள்.

பெயர் யாருடையது?

முதலில் ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேன் அல்லவா, இப்போது அந்த விஷயம். யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் 1834-ல் மானிப்பாயில் அச்சக வேலையை ஈஸ்ட்மன் மைனர் என்ற அச்சாளரின் பொறுப்பில் விட்டது. 1841-ல் 'உதயதாரகை' பத்திரிகை பிறந்தது. அதன் ஆசிரியர்கள் ஹென்றி மார்ட்டின், சேத் பேசன். ஏதோ அமெரிக்கர்கள் என்று நினைத்துவிடாதீர்கள், இரண்டு பேரும் யாழ்ப்பாணத் தமிழர்கள்!

அமெரிக்காவில் ஒருவர் பணம் அனுப்பி ஒரு பிள்ளையின் விடுதிச் செலவை ஏற்றுக்கொள்வார். பதிலுக்கு அந்தப் பிள்ளைக்கு அவர் சொல்லும் பெயரை வைப்பார்கள். இன்று ஸ்டேடியத்துக்குக் கம்பெனிகள் பெயர் வாங்குவதுபோல. படிப்பு கிடைத்தது, வேலை கிடைத்தது, உண்மைதான். அந்தப் படிப்புக்கு ஒரு விலையும் இருந்தது. அப்பா அம்மா வைத்த பெயர் அந்த விலை. நல்லது செய்பவர் தன் முத்திரையைக் குத்திவிட வேண்டும் என்று நினைக்கும்போது அது உதவியா, முதலீடா என்ற கேள்வி வருகிறது.

இன்னொரு பக்கத்தையும் சொல்லவேண்டும். 1855-ஐ ஒட்டி மிஷன் தன் அச்சகத்தைக் கைவிட்டது. யாழ்ப்பாணத்தில் அச்சுத் தொழில் நின்றுவிடவில்லை. சைமன் காசிச்செட்டி தமிழ்ப் புலவர்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய 'தமிழ் புளூடார்க்' 1859-ல் யாழ்ப்பாணத்தில்தான் அச்சானது.

குருவை எதிர்த்து நின்ற சீடன்

இந்த வரலாற்றில் என்னை மிகவும் யோசிக்க வைத்தவர் ஆறுமுக நாவலர் (1822-1879). நல்லூரில் பிறந்தவர். வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த பீட்டர் பெர்சிவல் நடத்திய பள்ளியில் படித்து அங்கேயே ஆசிரியரானார். பெர்சிவல் பைபிளைத் தமிழில் மொழிபெயர்த்தபோது பெரிய உதவியாக இருந்தவர் இவர்தான். பல வருஷம் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்திருக்கிறார்கள். பள்ளிக்கூடம் எப்படி நடத்துவது, பாடப்புத்தகம் எப்படி எழுதுவது, மேடையில் எப்படிப் பேசுவது, அச்சுப் புத்தகத்துக்கு என்ன சக்தி இருக்கிறது, எல்லாவற்றையும் அவர் அருகிலிருந்து பார்த்தார்.

1848-ல் வேலையை விட்டுவிட்டு வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். 1849-ல் சென்னைக்கு வந்து ஓர் அச்சு எந்திரம் வாங்கிக்கொண்டு போனார். 1835-ல் வந்த சட்டத்துக்குப் பிறகு தமிழ்நாட்டில் இந்தியர்கள் தாராளமாக அச்சகம் வைக்க முடிந்த காலம் அது. யாழ்ப்பாணத்தில் அவர் நிறுவிய வித்தியாநுபாலன யந்திரசாலையிலிருந்து சைவ நூல்களும் பாலபாடங்களும் வந்தன. 1854-ல் மிஷனரிகளின் விமர்சனங்களுக்குப் பதில் சொல்லும் 'சைவதூஷண பரிகாரம்' வந்தது. குருவிடம் கற்ற ஆயுதத்தைக் குருவின் இயக்கத்துக்கு எதிராகவே பிடித்தார்.

இது துரோகமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாவலர் பணத்தைத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. அறிவை எடுத்துக்கொண்டு போனார். கொடுத்தவரிடம் குறையாத பொருள் அது. பெர்சிவலின் பைபிள் மொழிபெயர்ப்பும் வெளிவந்தது, நாவலரின் பதிப்புகளும் வெளிவந்தன. இரண்டாலும் தமிழ் உரைநடைக்கு லாபம். அமெரிக்க மிஷன் பள்ளியில் படித்த சி.வை. தாமோதரம் பிள்ளை 1887-ல் கலித்தொகையைப் பதிப்பித்ததும் இதே வரிசையில் வருவதுதான். மிஷனரிகளிடம் கற்ற கைகள்தான் சங்க இலக்கியத்தைச் சுவடியிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்த முதல் கைகளில் சில.

பெர்சிவல் "இவன் நாளைக்கு எனக்கு எதிராக எழுதுவான்" என்று பயந்து அரைகுறையாகக் கற்றுக்கொடுத்திருந்தால் நமக்கு இந்த நாவலர் கிடைத்திருக்கமாட்டார்.

அடிக்கக்கூடாது என்று எழுதிய ஒப்பந்தம்

நம் பாடத்துக்கு ரொம்ப நெருக்கமான உதாரணம் இத்தாலியில் இருக்கிறது. 1800-களின் நடுவில் டூரின் நகரத்தில் தொழிற்சாலைகள் பெருகின. கிராமத்திலிருந்து வேலை தேடி வந்த சிறுவர்கள் தெருவில் படுத்துக் கிடந்தார்கள். ஜான் போஸ்கோ என்ற பாதிரியார் அவர்களுக்குத் தங்க இடம் கொடுத்தார், தச்சர், கண்ணாடி வேலைக்காரர் போன்ற முதலாளிகளிடம் வேலைக்குச் சேர்த்துவிட்டார். வெறும் சிபாரிசு இல்லை. 1851, 1852-லேயே எழுத்தில் ஒப்பந்தம் போட்டார்.

அந்த ஒப்பந்தங்களில் என்ன இருந்தது தெரியுமா? முதலாளி பையனுக்குத் தொழிலை ஒழுங்காகக் கற்றுத்தர வேண்டும். திருத்த வேண்டுமானால் வாயால் சொல்லலாம், அடிக்கக்கூடாது. தொழிலுக்குச் சம்பந்தமில்லாத எடுபிடி வேலை வாங்கக்கூடாது. ஓய்வு நாள் தர வேண்டும், வருஷத்தில் இரண்டு வாரம் விடுமுறை தர வேண்டும். சம்பளம் படிப்படியாக ஏற வேண்டும். பையனும் உழைப்பாகவும் பணிவாகவும் இருக்க வேண்டும். முதலாளி, பையன், பையனின் பெரியவர், ஜான் போஸ்கோ எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். இந்தியாவில் இப்போதுள்ள பயிற்சியாளர் சட்டம் 1961-ல் வந்தது.

இன்று புதிதாக வேலைக்குச் சேருபவர்களிடம் சில இடங்களில் 'பாண்ட்' எழுதி வாங்குகிறார்களே, அதையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாண்ட் என்பது பையன் ஓடிவிடாமல் கம்பெனியைக் காப்பாற்றுவது. டூரின் ஒப்பந்தமோ முதலாளியிடமிருந்து பையனைக் காப்பாற்றுவது.

ஜான் போஸ்கோவின் சலேசிய சபையினர் 1906-ல் தஞ்சாவூருக்கு வந்தார்கள். ஆம், சுவார்ட்ஸும் சரபோஜியும் இருந்த அதே தஞ்சாவூர். பிறகு சென்னை, வேலூர் என்று பரவித் தொழிற்பள்ளிகள் நடத்தினார்கள். சென்னை கீழ்ப்பாக்கத்தில் அவர்கள் நடத்தும் அச்சுத் தொழில்நுட்பப் பயிற்சி நிலையம் இருக்கிறது. நம் தருமபுரி மாவட்டத்தில் சோகத்தூரில் டான் பாஸ்கோ கல்லூரி இருக்கிறது.

எங்கள் மலைக்கு இதில் என்ன?

இவ்வளவு தூரம் சுற்றிவிட்டு சித்தேரிக்கு வராமல் போனால் எப்படி? அரூர்ப் பக்கம் கிழக்குத் தொடர்ச்சி மலையில் இருக்கிறது எங்கள் சித்தேரி. மலையாளிப் பழங்குடி மக்கள் சாமையும் ராகியும் விதைத்து வாழும் சின்னச் சின்ன ஊர்கள். கீழே இறங்கிப் படித்து, திருப்பூருக்கும் ஓசூருக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போகிறார்கள். கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் வேலைக்குப் போகிறவர்கள் இன்னும் குறைவு. போகிறவர்கள் பெரும்பாலும் அவர்கள் வீட்டில் முதல் ஆள்.

முதல் ஆளுக்கு என்ன குறை என்றால், கேட்க ஆள் இல்லை. டவுனில் வளர்ந்த பையனுக்கு மாமாவோ சித்தப்பாவோ கம்பெனியில் இருப்பார். ரெசியூமே எப்படி எழுதுவது, இன்டர்வியூவில் என்ன கேட்பார்கள், பி.எஃப். என்றால் என்ன, எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடக்கூடாது என்றெல்லாம் சாப்பாட்டு நேரத்திலேயே காதில் விழும். எங்கள் பையன்களுக்கு விழாது. புத்தி குறைவால் இல்லை, பார்த்துப் பழகப் பக்கத்தில் ஒரு கை இல்லாததால்.

அந்தக் கையை யாராவது நீட்டத்தான் வேண்டும். சர்ச் நீட்டலாம், கோயில் கமிட்டி நீட்டலாம், கட்சி நீட்டலாம், சாதிச் சங்கம் நீட்டலாம். பெரிய நகரத்தில் தனியாகப் போய் இறங்கும் பையனுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு வேளைச் சாப்பாடும், "வேலை எப்படிப் போகுது தம்பி?" என்று கேட்கும் ஓர் அண்ணனும் கிடைப்பது சின்ன விஷயம் இல்லை. கிறிஸ்தவ ஐக்கியங்கள் இதை நன்றாகவே செய்கின்றன. மற்றவர்கள் அவர்களைத் திட்டுவதைவிட அவர்களிடம் இதைக் கற்றுக்கொள்ளலாம். நாவலர் அதைத்தானே செய்தார்?

ஆனால் யார் நீட்டினாலும் நான் மூன்று விஷயத்தைப் பார்ப்பேன். கற்றுக்கொடுப்பவர் சீகன்பால்க் மாதிரி முதலில் நம்மிடமும் எதையாவது கற்றுக்கொள்ளத் தயாரா? நம் பெயரை நம்மிடமே விட்டுவைப்பாரா? நாளைக்கு நாம் வேறு வழியில் போனாலும் "நல்லா இரு" என்று அனுப்பிவைப்பாரா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் அவர் எந்த மதமாக இருந்தால் என்ன, தைரியமாகக் கையைப் பிடித்துக்கொள்ளலாம்.

இதைப் படிக்கும் சீனியர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரிலிருந்து உங்களுக்குப் பின்னால் ஒரே ஒரு பையனோ பெண்ணோ வேலைக்கு வந்தால், அவர்களுடைய முதல் ஆறு மாசத்துக்கு உங்கள் போன் நம்பரைக் கொடுங்கள். அவர்கள் உங்கள் கட்சியிலோ மதத்திலோ சேர வேண்டியதில்லை. போன் வந்தால் எடுங்கள், அது போதும்.

உங்கள் ஊரில் இப்படிப் பழைய அச்சகமோ தொழிற்பள்ளியோ இருந்தால், அங்கே வேலை பார்த்த தாத்தாக்களின் பெயரைக் கேட்டு எழுதி வையுங்கள். எழுத்துக் கோர்த்தவர்களின் பெயர் புத்தகத்தில் வராமலே போய்விட்டது. இனிமேலாவது எங்காவது வரட்டும்.